இரண்டாவது சரணம்

இது இல்லையே. இது வேறு வரி. விரலே, எங்கே இறங்குகிறாய்?

முதல் சரணம் முழுக்கச் சொன்னபடி கேட்ட வலது கை, இரண்டாவது சரணம் தொடங்கியதும் தானாகக் கீழே இறங்கி வேறொரு பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தது. நேசபாய்க்கு அந்தப் பாதையில் ஒவ்வொரு கல்லும் தெரியும். ஆலயத்தின் பாடகர் குழுவில் முப்பத்தெட்டு வருடம் ஆல்டோ பாடியவள் அவள். சபை மொத்தமும் பாடும் மெட்டுக்கு அடியில், அதோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஓடும் இரண்டாம் குரல் அது. மெட்டுப் பாடும் பெண்கள் உயரத்துக்குப் போவார்கள். ஆல்டோக்காரிகள் ஒரு படி ஏறி, ஒரு படி இறங்கி, பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். வாய்க்குப் பழகிய அந்த வரி இப்போது கீபோர்டில் விரலுக்கு வந்துவிட்டது.

அறுப்பின் பண்டிகை ஆராதனை. ஆலயத்தில் முந்நூறு பேராவது இருந்தார்கள். பீடத்தின் படிகளில் வாழைக்குலைகளும் செவ்விளநீரும் கால் கட்டிய கோழிகளும் ஏலத்துக்குக் காத்துக் கிடந்தன. மெட்டை வாசிக்க வேண்டியவள் ஆல்டோவை வாசித்தால் இத்தனை பேரும் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்? நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் பாட்டு தொலைந்துவிடும். மேலே ஏற இடம் தேடித் தேடியே நான்கு அடியும் கடந்துபோனது. மூன்றாவது சரணத்தில்தான் அவளால் சரியான கட்டையைப் பிடிக்க முடிந்தது.

ஆனால் சனம் தடுமாறவில்லை. இரண்டாவது சரணத்தை முதல் சரணத்தைப் போலவே, கடைசி அடியில் வழக்கம்போல் இழுத்து, உரக்கப் பாடி முடித்தது. ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. காலங்காலமாகப் பாடுகிற பாட்டு, பழக்கத்தில் பாடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கர்த்தர் காப்பாற்றினார் என்றும் நினைத்தாள். கட்டைகள் வியர்வையில் வழுக்கின.

அவளுக்கு வயது அறுபத்தேழு. கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்திரண்டு வருடம் நடந்து நடந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றும் நர்சம்மாதான். அந்த ஓய்வுக்கு நான்கு வருடம் கழித்து இன்னொரு ஓய்வும் வந்தது. பாடகர் குழுவில் இளையவர்களுக்கு இடம் வேண்டும், அறுபது தாண்டியவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று செயற்குழுவில் முடிவெடுத்தார்கள். டீயும் வடையும் கொடுத்து, நல்லபடியாக நாலு வார்த்தை பேசி அனுப்பினார்கள். யார்மேலும் அவளுக்குக் கோபமில்லை. குரல் நடுங்கத் தொடங்கியிருந்தது அவளுக்கே தெரியும். கீழே சனத்தோடு உட்கார்ந்து பாடியபோதுதான் சிக்கல் தெரிந்தது. வாய் மெட்டுக்குப் போகவே மாட்டேன் என்றது. பக்கத்தில் உட்கார்ந்தவள் தன் பாட்டும் கெட்டுப்போகிறதென்று ஒருநாள் பாட்டுப் புத்தகத்தால் காதைப் பொத்திக்கொண்டாள்.

பெங்களூரில் இருக்கும் மகள் இந்துஜா, பிள்ளைகளுக்கு வாங்கி அவர்கள் தொடாத கீபோர்டு ஒன்றை ஒரு விடுமுறையில் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டுப் போயிருந்தாள். இரண்டு வருடம் அலமாரிக்கு மேல் துணி போர்த்திக் கிடந்த அதை நேசபாய் ஒரு மதியம் இறக்கி, துடைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். குரலைப் போல அது நடுங்கவில்லை. எத்தனை தடவை அழுத்தினாலும் அதே இடத்தில் நின்றது. மறுவாரம் நாகர்கோவிலில் ஒரு மாடியில் நடக்கும் கீபோர்டு வகுப்பில் போய்ப் பெயர் கொடுத்தாள்.

செவ்வாயும் வியாழனும் வகுப்பு. பூச்சந்தை உள்ள தோவாளையைத் தாண்டி வரும் பஸ்ஸில், காலிப் பூச்சாக்குகளின் ஈரவாசனைக்கு நடுவே, நோட்டுப் புத்தகம் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு போவாள். கூடப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் எட்டு, பத்து வயது. அவளுக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. சொல்லிக்கொடுக்கும் ஜெனிலாவுக்கு இருபத்தாறு வயது. முதல் நாள் அவள் நேசபாயின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, நகத்தை வெட்டிவிட்டு வரச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் நேசபாய்க்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

மற்றவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இந்த வயசுலயுமா! பஸ்ஸில் சொன்னார்கள், மருந்துக் கடையில் சொன்னார்கள். மறதி வராதாம், நல்லது என்றார் ஒருவர். பொழுது போகுமே என்றாள் போதகரின் மனைவி. எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் என்ன பாட்டு படிக்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏதோ மாத்திரையை வேளாவேளைக்கு விழுங்குகிறவளைப் பாராட்டுவது போலிருந்தது.

ஜெனிலா பாராட்டவில்லை. இரண்டாம் மாதம், தெரிந்த பாட்டு ஒன்றைப் புத்தகம் பார்க்காமல் வாசிக்கச் சொன்னாள். நேசபாய் வாசித்தாள். ஜெனிலா நெற்றியைச் சுருக்கினாள்.

“இது என்ன பாட்டு ஆன்ட்டி?”

நேசபாய் பாட்டின் பெயரைச் சொன்னாள். ஜெனிலா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நீங்க வாசிக்கது ஆல்டோ. மெட்டு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியாம என்ன டீச்சர். ஆனா அது எப்பவும் பக்கத்துல நிக்கவங்கதான் பாடுவாங்க.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவளுக்கே உறைத்தது. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருடம் பாடியும் பாட்டின் மெட்டு அவள் வாயில் ஒருநாளும் இருந்ததில்லை. அதில் வருத்தம் எதுவுமில்லை. ஆல்டோ இல்லாவிட்டால் பாட்டு வெறும் மேற்கூரைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தான் மெட்டை வாசிக்க, சபை அதைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டும் என்று ஓர் ஆசை அந்த பஸ்ஸில் வந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்து போகவேயில்லை.

கணவர் சுந்தர்சிங் மொபசல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எழுபத்திரண்டு வயதிலும் குரல் பின்படிக்கட்டு வரை கேட்கும். பாட்டென்றால் அவருக்கு எல்லாம் ஒன்று. விசில் மட்டும் நன்றாக அடிப்பார். அவள் வீட்டில் வாசிக்க உட்கார்ந்தால் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கிண்டல் வரும். “ஏட்டி நேசம், அந்தக் கொசு இன்னும் சாகல்லியா?” “எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு உனக்க விரலுக்கே தெரியல்ல, பைய போ.” அவள் பதிலுக்கு அவருடைய செவிட்டுக் காதைச் சொல்வாள். ஐந்து மாதமும் அப்படித்தான் போயிற்று.

பண்டிகைக்கு ஒரு பாட்டு வாசிக்கிறீர்களா என்று சபைச் செயலர் ஞானதாசன் கேட்டபோது அவள் ஜெனிலாவிடம் கேட்டாள். சீக்கிரம்தான், ஆனால் வாசித்துப் பழகினால்தானே வரும் என்றாள் ஜெனிலா. வழக்கமாக ஆலயத்தில் வாசிக்கும் எட்சன், தான் பக்கத்திலிருக்கும் இன்னொரு கீபோர்டில் இடது கையால் மட்டும் லேசாகத் துணைக்கு வாசிப்பதாகச் சொன்னான். சனிக்கிழமை ஒத்திகையில் அவள் இரண்டு இடத்தில் முட்டி நின்றாள். ஞாயிறு காலையில் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டு நின்றபோது சுந்தர்சிங் வாசலில் வந்து நின்று, நீ நல்லா வாசிப்ப என்றார். கிண்டல் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கையைப் பிடித்தார்கள், கன்னத்தைத் தொட்டார்கள். எட்சனிடம் மட்டும் அவள் மெதுவாக, இரண்டாவது சரணத்தில் தப்பு வந்துவிட்டது மக்கா என்றாள். தப்பா, ஒன்றும் தெரியவில்லையே மாமி என்று சொல்லிக்கொண்டே அவன் வயரைச் சுற்றப் போய்விட்டான். கொஞ்சம் வேகமாகச் சொன்ன மாதிரி இருந்தது. வெளியே ஏலச் சத்தம் தொடங்கியிருந்தது. சுந்தர்சிங் ஒரு நேந்திரங்குலையை ஏலத்தில் எடுத்து, தோளில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அவள் வாசித்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தன் ஃபோனை அவளிடம் நீட்டினார். ஆண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் நின்று அவரே எடுத்த வீடியோ. உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியாயிற்று. இந்துஜா பெங்களூரிலிருந்து அழைத்து, அப்பா, நான் அழுதுட்டேன் என்று சொல்லியிருந்தாளாம். அவர் கைலியை உதறிக் கட்டிக்கொண்டு, பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீடியோவில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். முதுகு நேராக இருந்தது. முதல் சரணம் அழகாகப் போயிற்று. இரண்டாவது சரணம் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆல்டோ வரவில்லை.

மெட்டுதான் வந்தது. சுத்தமாக, சத்தமாக, மேலே ஏற வேண்டிய இடத்தில் மேலே ஏறி. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு சின்னக் குழைவு. எட்சன் மட்டுமே போடும் குழைவு அது. அவள் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். முதல் சரணத்திலும் அந்தக் குழைவு இருந்தது. ஃபோனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் கேட்டாள். அவள் வாசித்தது எங்கேயும் இல்லை. அவளுடைய கீபோர்டுப் பெட்டியில் உள்ள சின்ன ஸ்பீக்கர் அவளுக்கு மட்டும் சத்தம் கொடுத்திருக்கிறது. சனம் பாடிய சத்தத்தில் எட்சன் மெட்டு வாசித்தது அவளுக்குப் பிரிந்து கேட்கவில்லை. ஆலயத்து ஸ்பீக்கர்களில் அதைத் திறக்கவேயில்லை.

கை மடியில் கிடந்தது. அதைப் பார்த்தாள். நகங்களை நேற்று இரவுதான் ஒட்ட வெட்டியிருந்தாள்.

தப்பு வந்தபோது கட்டைகள் வியர்வையில் வழுக்கியது நினைவுக்கு வந்தது. அந்தப் பயம் நிஜம். அதை அவள் தனியாகப் பட்டிருக்கிறாள். ஏறத் தெரியாமல் கீழேயே நடந்த நான்கு அடியும், பிறகு ஏறிப் பிடித்த அந்த ஒரு கட்டையும் அவளுக்கு மட்டும் நடந்திருக்கிறது. முந்நூறு பேர் நடுவில் உட்கார்ந்து ஒருவருக்கும் கேட்காமல் வாசித்திருக்கிறாள். சொப்பனத்தில் கத்துவதைப் போல.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

எது என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கைலியின் கரையை நீவினார்.

“சனியாழ்ச்ச நீ ரெண்டு எடத்துல முட்டினல்லா. ஞானதாசன் ஃபோன் பண்ணினான். பண்டிகை நாளாச்சே, நர்சம்மாவ யாரும் சிரிச்சிரக் கூடாதுன்னான். நானும் செரின்னேன்.”

“எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டா நீ வாசிக்கமாட்டேன்னு சொல்லியிருப்ப.”

“ஆமா.”

“அதுதான் கேக்கல்ல,” என்றார். பிறகு, குரல் தாழ்ந்து, “நீ அங்க உக்காந்து அழுதிரக் கூடாதுன்னு இருந்துது நேசம். வேற ஒண்ணும் இல்ல.”

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். தப்பு வெளியே தெரிந்துவிடாமல் காத்ததாக நினைத்து, அந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும் வீடியோவையும் தானே எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார் இந்த மனுஷர். மெட்டுக்கும் ஆல்டோவுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பாரா? அதை நினைத்தபோது சிரிப்புக்கூட ஒரு நொடி தொண்டை வரை வந்து நின்றது.

பாத்திரம் கழுவப் போனாள். தண்ணீர் விழும் சத்தத்தில் அம்மாவின் நினைவு வந்தது. கண்ணில் புரை விழுந்த பிறகும் அம்மா அரிசி பொறுக்கித் தருவேன் என்று சுளகைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். ஒரு மணிநேரம் தடவித் தடவிப் பொறுக்குவாள். நேசபாய் அதை நன்றாயிருக்கிறது அம்மா என்று வாங்கிக்கொண்டு, அடுக்களையில் திரும்பி நின்று, சத்தமில்லாமல் மறுபடி பொறுக்குவாள். கல்லும் நெல்லும் அப்படியே கிடக்கும். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தாள். அன்புதான். பிறகு ஒருநாள் அம்மா சுளகைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நேசபாய்க்கு அப்போது ஒரு வேலை மிச்சம் என்று நிம்மதியாக இருந்தது. அம்மா என்றைக்காவது அடுக்களை வாசல் வரை வந்து நின்றிருப்பாளோ என்று இப்போதுதான், இருபது வருடம் கழித்து, நினைத்துப் பார்க்கிறாள்.

குழாயை மூடினாள். அம்மாவிடம் கல் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள்? வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். விரலால் தடவிக் கண்டுபிடிக்க ஒரு வழி பார்த்திருக்கலாம். வைதிருக்கவும் செய்யலாம். எதையாவது செய்திருப்பாள். செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் அவளை வைத்தது நான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஜெனிலாவிடம் வீடியோவைக் காட்டினாள். ஒன்றும் சொல்லாமல்தான் கொடுத்தாள். ஜெனிலா இரண்டாவது அடியிலேயே தலையை நிமிர்த்தினாள்.

“இதுல நீங்க இல்லியே.”

“இல்ல.”

“யாரு செஞ்சா?” என்று தொடங்கியவள், நேசபாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பக்கத்துக் கீபோர்டில் இருந்த ஷாஹினாஸ் என்ற எட்டு வயதுக்காரி வாசிப்பதை விட்டுவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெனிலா அவளை வாசிக்கச் சொன்னாள்.

நேசபாய் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். இரண்டாவது சரணத்தில் ஆல்டோவுக்குப் போனதையும் சொன்னாள். பிறகு, இரண்டு நாளாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டாள்.

“உள்ளதச் சொல்லணும் டீச்சர். சபை கேக்கதுக்கு நான் வாசிக்கலாமா?”

ஜெனிலா அவள் விரல்களைப் பார்த்து யோசித்தாள். அந்தத் தயக்கம் இரக்கத்தால் வந்ததல்ல, கணக்குப் போடுகிற தயக்கம் என்று நேசபாய்க்குத் தெரிந்தது. ஊசி போடுமுன் நரம்பு தேடும்போது அவளுக்கும் அப்படித்தான் முகம் இருந்திருக்கும்.

“இன்னும் இல்ல ஆன்ட்டி. நீங்க விட்டா ஆல்டோவுக்குப் போயிருதிய. அது மாறணும். ஒரு ஆறு மாசம் ஆவும். விரல் அஞ்சும் தனித்தனியா இன்னும் எந்திரிக்கல்ல.”

ஆறு மாதம். இன்னும் இல்லை. அவள் உள்ளுக்குள் அந்த இரண்டு வார்த்தையையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். இந்த ஐந்து மாதத்தில் யாரும் அவளிடம் இன்னும் என்று சொன்னதில்லை. இந்த வயசுலயும் என்றுதான் சொன்னார்கள். இன்னும் என்றால் முன்னால் ஒரு இடம் இருக்கிறது, அங்கே போய்ச் சேரலாம் என்று அர்த்தம். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெனிலா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அன்றைக்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆல்டோவை அடக்க வேண்டாம், அதை வாயில் கொடுத்துவிடலாம் என்றாள் ஜெனிலா. ஆல்டோவை முணுமுணுத்துக்கொண்டே விரலால் மெட்டை வாசிக்க வேண்டும். வாய்க்கு அதன் வேலை கிடைத்துவிட்டால் விரல் ஆல்டோவை விட்டுப் புறப்படும். முதல் தடவை இரண்டும் மோதிக்கொண்டன. ஆறாவது தடவை ஓர் அடி முழுக்க வந்தது. வாயில் பழைய குரல், விரலில் மெட்டு. நடுங்கும் தன் குரலும் நடுங்காத கட்டையும் சேர்ந்து ஒலிப்பதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். ஷாஹினாஸ் எழுந்து வந்து, ஆன்ட்டி, அங்க மூணாவது விரல் போடணும், நாலு இல்ல என்றாள். நேசபாய் மூன்றாவது விரலைப் போட்டாள்.

வீட்டில் வாசிக்க உட்காரும்போதெல்லாம் சுந்தர்சிங் சத்தமில்லாமல் இருந்தார். செய்தித்தாளைத் திருப்பும்போதுகூடச் சத்தம் வராமல் திருப்பினார். இரண்டு வாரம் இப்படியே போனது. அந்த மரியாதை அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் ஒரே அடியில் ஒன்பது தடவை முட்டினாள். பத்தாவது தடவையும் முட்டியபோது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

“ஏட்டி, வண்டி பிரேக் டவுனா? சொன்னா நான் எறங்கித் தள்ளுகேன்.”

“நீங்க தள்ளினா இருக்கதும் ஓடாது,” என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் மன்னித்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை வகுப்பிலிருந்து அவள் திரும்பி வந்தபோது ஞானதாசன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, நல்ல மனுஷர், ஊரில் யார் வீட்டில் நோய் என்றாலும் முதலில் வந்து நிற்பவர். கையில் அச்சடிக்கப்போகும் நோட்டீசின் மாதிரித் தாள். வருகிற மாதம் மூத்தோர் ஞாயிறு. வெளியூரிலிருந்து பிரசங்கியார் வருகிறார். அறுப்பின் பண்டிகை வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கெங்கேயோ இருந்தெல்லாம் கேட்கிறார்களாம். நர்சம்மா இரண்டு பாட்டு வாசிக்க வேண்டும் என்பது செயற்குழுவின் ஆசை. வயதானவர்கள் வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் அன்றைய பிரசங்கமே. அவள் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் வரை அவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேசபாய் எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்க கீபோர்டுக்க சத்தம் வெளிய வருமா தம்பி?”

ஞானதாசன் சுந்தர்சிங்கைப் பார்த்தார். சுந்தர்சிங் சன்னலைப் பார்த்தார்.

“அதெல்லாம் எட்சன் பாத்துக்கிடுவான் அக்கா. நீங்க வந்து உக்காந்தா போதும். உங்களப் பாத்தா வயசானவங்களுக்கு ஒரு உற்சாகம் வரும்லா.”

“பாத்தா வரும். கேட்டா வருமா?”

அவர் காப்பியை ஆற்றினார். ஆறிப்போன காப்பியை மறுபடி ஆற்றினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளதைச் சொல்கிறேன் என்று தொடங்கினார். அன்றைக்கு நடந்தது தன்னுடைய யோசனைதான் என்றார். வெளியூர்ப் பிரசங்கியார் முன்னால் பாட்டு தப்பினால் சபைக்கும் ஒருமாதிரி, அவளுக்கும் ஒருமாதிரி என்றார். அவளைக் குறைத்து நினைத்து ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது எல்லாம் உண்மை என்று நேசபாய்க்குத் தெரியும். பாட்டு தப்பினால் தப்புதான். சனம் பாடுவதற்காக வந்திருக்கிறது. அவள் கற்றுக்கொள்வதற்காக அது காத்து நிற்க வேண்டியதில்லை.

“நீங்க சொல்லுகது செரிதான்,” என்றாள். “எட்சன் நல்லா வாசிப்பான். அவனே வாசிக்கட்டும்.”

“அப்போ நீங்க?”

“நான் கீழ உக்காந்து பாடுகேன்.”

“பேரு நோட்டீசுல போட்டாச்சு அக்கா. இன்னா பாருங்க,” என்று தாளை நீட்டினார். அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அறுபத்தேழு வயது என்பது அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது.

“இது இன்னும் அடிக்கக் குடுக்கல்லியே. எடுத்துருங்க.”

ஞானதாசன் உதவி கேட்டுச் சுந்தர்சிங்கைப் பார்த்தார். சுந்தர்சிங் இப்போது சன்னலை விட்டுத் திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த ஆசை அவளுக்குப் பழக்கமானது. இந்துஜா பள்ளிக்கூட மேடையில் ஏறும்போதெல்லாம் இருந்த ஆசை. மூத்தோர் ஞாயிறன்றும் கடைசி பெஞ்சில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிஷம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து எழுந்தால் போதும், இந்த மனுஷருக்கு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய ஒன்று கிடைக்கும். அது எவ்வளவு சின்ன விஷயம். எத்தனையோ சின்ன விஷயங்களை அவள் இந்த வீட்டில் அப்படிக் கொடுத்திருக்கிறாள், கொடுத்தது தெரியாமலே.

“ஏட்டி நேசம்,” என்றார் மெதுவாக. “இந்த ஒரு தடவ மட்டும். எனக்காக.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர்மேல் இருந்த பிரியத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. அது அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்திலேயே இந்தப் பதிலும் இருந்தது.

“இல்ல,” என்றாள், குரலை உயர்த்தாமல். “எனக்கு இன்னும் வாசிக்க வரல்ல. வந்த பெறவு கேளுங்க.”